ஆகஸ்டில் வந்து பாருங்கள்

வாசகர் கேள்வி, பதில்

பிப்ரவரி, மார்ச் வந்தாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி இடம் மாறுவது பற்றித்தான் இருக்கும். அமெரிக்காவின் வடக்குப் பக்கத்தில் பனி அள்ளி அள்ளி இடுப்பு விட்டுப்போகிற மாதங்கள் அவை. இந்த முறை மூன்று கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குத்தான் நீளமான பதில். அதை எழுதியவர்களிடம் பணம் குறைவு, தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள நேரமும் குறைவு.

கேள்வி: அக்கா, நாங்கள் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் பக்கத்தில் பதினாறு வருடமாக இருக்கிறோம். குடியுரிமை வாங்கிவிட்டோம். என் கணவருக்கு 63 வயது, எனக்கு 58. அவருக்கு நாடு முழுக்கக் கிளைகள் உள்ள பெரிய கடை ஒன்றில் சரக்கு இறக்கி அடுக்கும் வேலை, பகுதி நேரம். நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறேன். மருத்துவக் காப்பீடு, மாநில அரசு தருகிற மினசோட்டாகேர். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு ஆஸ்துமா. குளிர் காற்று பட்டாலே மூச்சு இழுக்கிறது. பையன் சிகாகோவில் வேலையில் இருக்கிறான். வாடகை வீடுதான். கையிருப்பு 14,000 டாலர். டெக்சஸ், அரிசோனா, ஃப்ளோரிடா மூன்றில் எங்கே போகலாம்? அங்கெல்லாம் வருமான வரி கிடையாதாமே, அதிலேயே நிறைய மிச்சமாகும் என்கிறார்கள். கோடை வருவதற்குள் கிளம்பிவிட நினைக்கிறோம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் பழைய வீட்டு வாசல்தான் ஞாபகத்துக்கு வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவுக்குத் தெற்கே பதினேழு வருடம் இருந்தோம். 2014 நவம்பரில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வெளியே தெரு இல்லை. வாசல் முழுக்க வெள்ளைச் சுவர். அதில் எங்கள் கதவின் சட்டமும் கைப்பிடியும் அச்சில் வார்த்த மாதிரி பதிந்திருந்தன. ஏரியின் மேல் அடித்து வந்த பனி, எங்கள் பக்கத்தில் ஐந்தடிக்கு மேல் கொட்டியிருந்தது. வீட்டில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. அன்றைக்கே போய்விடுவது என்று பேசிவிட்டோம். 2016 ஜூனில் டெக்சஸில் சான் அன்டோனியோ வந்து சேர்ந்தோம். குளிரை மட்டும் நினைத்துக்கொண்டு கிளம்பியதால் பட்ட சிரமங்கள் உண்டு. நீங்கள் அதைப் பட வேண்டாம் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதல் விஷயம், இந்தக் கோடைக்குள் கிளம்பாதீர்கள். ஆகஸ்டில் ஒரு வாரம் அந்த ஊரில் போய் இருந்து பாருங்கள். ஹோட்டலில் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மதியம் மூன்று மணிக்கு மளிகைக் கடைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்து வாருங்கள். உங்கள் கணவர் செய்வது சரக்கு இறக்கும் வேலை. அங்கே லாரிக்குள் ஆகஸ்டில் எப்படி இருக்கும் என்று அதே கடையின் கிளைக்குப் போய் ஊழியர்களிடம் கேளுங்கள். குளிர்காலத்தில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு எல்லா ஊரும் பிடித்துவிடும். அரிசோனாவின் பீனிக்ஸில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஜனவரியில் அதே ஊர் கொடைக்கானல் மாதிரி இருக்கும்.

அடுத்து ஜனவரியில் நான்கு நாள் போக வேண்டும். இது உங்கள் ஆஸ்துமாவுக்காக. சான் அன்டோனியோ, ஆஸ்டின் பக்கத்து மலைகளில் ஒரு வகை ஜூனிபர் மரம் காடாக நிற்கிறது. இங்கே எல்லோரும் மவுண்டன் சீடர் என்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதன் மகரந்தம் காற்றில் பறக்கும். காற்றடிக்கிற நாளில் மரத்திலிருந்து புகை கிளம்புகிற மாதிரியே இருக்கும். சீடர் காய்ச்சல் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை அது சும்மா விடாது. எனக்கு முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை, மூன்றாவது ஜனவரியில் பிடித்துக்கொண்டது. குளிருக்குப் பயந்து வந்து குளிர்காலத்திலேயே மூச்சு முட்டினால் என்ன பிரயோஜனம்? வருவதற்கு முன் உங்கள் நுரையீரல் டாக்டரிடம் இந்த மரத்தின் பேரைச் சொல்லி, ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொரு மினசோட்டா குளிர்காலமா என்று உங்களுக்கு நெஞ்சு பதறும், தெரியும். ஆனால் தப்பான ஊருக்குப் போய்த் திரும்புவது என்றால் 14,000 டாலரும் சாலையிலேயே கரைந்துவிடும்.

வரி விஷயம். டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை, உண்மை. அரிசோனாவில் உண்டு, எல்லோருக்கும் ஒரே 2.5 சதவீதம். ஆனால் உங்கள் வருமானத்துக்கு மினசோட்டாவில் நீங்கள் கட்டுவதே கொஞ்சம்தான். மிச்சமாவதும் அந்தக் கொஞ்சம்தான். மினசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. டெக்சஸில் உண்டு, பெரும்பாலான ஊர்களில் 8.25 சதவீதம். சமைக்காத உணவுப் பொருளுக்கு இரண்டு இடத்திலும் வரி இல்லை. நிறையச் சம்பாதிக்கிறவர்களுக்கு உதவுகிற சலுகையை நம்பி நீங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உங்களுக்குப் பெரிய விஷயம் காப்பீடு. கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மினசோட்டாகேர் மினசோட்டாவோடு சரி, எல்லை தாண்டினால் இல்லை. டெக்சஸும் ஃப்ளோரிடாவும் மெடிக்கெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை, விரிவுபடுத்தாத மாநிலங்கள். சின்னப் பிள்ளைகள் இல்லாத, உடல் ஊனம் இல்லாத உங்கள் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அங்கே மெடிக்கெய்டு கிடைக்காது. அரசாங்கத்தின் காப்பீட்டுச் சந்தைத் தளத்தில் (மார்க்கெட்பிளேஸ்) காப்பீடு வாங்கலாம், பிரீமியத்துக்கு அரசாங்க உதவியும் உண்டு. ஆனால் அந்த உதவி வருட வருமானம் ஏழ்மைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். வேலை கிடைக்காமல் ஐந்தாறு மாதம் போய், வருமானம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று நடுவில் நிற்க வேண்டியதுதான். அரிசோனா இதில் வேறு. அங்கே மெடிக்கெய்டை விரிவுபடுத்தியிருக்கிறார்கள், வருமானம் இறங்கினாலும் கீழே ஒரு வலை இருக்கிறது.

அதனால் வேலை இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். உங்கள் கணவருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, அவர் அதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாடு முழுக்கக் கிளை உள்ள கடை என்றால் இடமாற்றம் கேட்கலாம். போகிற ஊர்க் கிளையில் இடம் இருக்கிறதா என்று இப்போதே மேலாளரிடம் பேசச் சொல்லுங்கள். கேட்கும்போது வாரத்துக்கு 30 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உள்ள வேலையாகக் கேட்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் 30 மணி நேரம் வேலை செய்கிறவர்களுக்குக் காப்பீடு கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதில் மனைவியைச் சேர்க்க முடியுமா, சேர்த்தால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு 65 வந்தால் முதியோருக்கான அரசுக் காப்பீடு, மெடிகேர். உங்களுக்கு அப்போது 60 தான் ஆகியிருக்கும். அதற்கு அப்புறம் அவர் வேலையை விட்டால் நீங்கள் காப்பீடு இல்லாமல் நிற்பீர்கள். அதனால் போகிற ஊரின் பள்ளி மாவட்டத்தில் சாப்பாட்டுக் கூட வேலை, காப்பீட்டோடு, இருக்கிறதா என்று நீங்களும் தேடுங்கள். நான் இங்கே பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன், அந்தக் காப்பீட்டில்தான் எங்கள் குடும்பம் ஆறு வருடம் ஓடியது. அப்புறம் ஒன்று, பழைய காப்பீட்டை மாறுகிற தேதி வரைக்கும் விட்டுவிடாதீர்கள். காப்பீட்டோடு இடம் மாறுகிறவர்களுக்குத்தான் புதிய ஊரில் வருடத்தின் நடுவில் சந்தைத் தளத்தில் சேர 60 நாள் கொடுப்பார்கள்.

ஃப்ளோரிடாவை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியம் அங்கே மிக அதிகம், வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். வெள்ளத்துக்குச் சாதாரணக் காப்பீடு செல்லாது. தனியாக எடுத்தாலும் மத்திய அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கிற வீடுகளும் உங்கள் மூச்சுக்கு ஆகாது. அரிசோனாவில் பீனிக்ஸை விட்டுவிட்டு டூசானைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 2,400 அடி உயரத்தில் இருப்பதால் பீனிக்ஸை விட வெயில் சில டிகிரி குறைவு, ராத்திரியில் இறங்கும். அங்கேயும் மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோய் வரும். டாக்டரிடம் அதையும் கேளுங்கள். சான் அன்டோனியோ, டூசான் இரண்டை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் கணவருக்கு இடமாற்றம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள். இரண்டிலும் கிடைத்தால் உங்கள் நுரையீரல் சொல்கிற ஊர்.

சரி, பணக் கணக்கு. இரண்டு தடவை போய்ப் பார்த்து வர 1,800 டாலர். லாரி வாடகை, டீசல் அல்லது பெட்ரோல், வழியில் இரண்டு ராத்திரி தங்கல், எல்லாம் சேர்த்து 2,800. முதல் மாத வாடகை, முன்பணம், விண்ணப்பக் கட்டணம் 2,600. கார் பதிவு, லைசென்ஸ் 400. மொத்தம் 7,600. மீதி 6,400 டாலரைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அது இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் எதிர்பார்க்காத செலவு வந்துகொண்டே இருக்கும். பழைய வீட்டு முன்பணத்தை நான் இதில் சேர்க்கவில்லை. மினசோட்டாவில் காலி செய்து மூன்று வாரத்துக்குள் வட்டியோடு அதைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் பிடித்ததற்குக் காரணம் எழுதித் தர வேண்டும். புதிய விலாசத்தை எழுத்தில் கொடுத்தால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். காலி செய்கிற அன்றைக்கு ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மினியாபொலிஸிலிருந்து சான் அன்டோனியோவுக்கு வழி கேட்கவே வேண்டாம். உங்கள் ஊருக்குள் ஓடுகிற ஐ-35 நெடுஞ்சாலையே டெ மாய்ன், கேன்சஸ் சிட்டி, ஓக்லஹோமா சிட்டி, ஆஸ்டின் வழியாக இங்கே வருகிறது. ஏறக்குறைய 1,250 மைல். பெரிய லாரி ஒரு காலனுக்குப் பத்து மைல் போகும் என்று வைத்தால் 125 காலன். ஜனவரியில் வேண்டாம், அயோவாவில் சாலை கண்ணாடியாக இருக்கும். மார்ச்சில் கிளம்புங்கள். மாதத்தின் நடுவில், வார நாளில் எடுத்தால் லாரி வாடகை குறையும். பள்ளி விடுமுறைக் காலத்தில் எல்லோரும் தெற்கே போவதால் அந்தப் பக்கம் போகிற லாரிக்குத் தனி விலை. எங்களுக்கு ஜூனில் அதுதான் நடந்தது.

சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி வேண்டுமா என்று யோசிப்பீர்கள். நாங்கள் போனில் விலை பேசி 500 டாலர் முன்பணம் கொடுத்தோம். கிளம்புகிற அன்றைக்கு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் 1,900 டாலர் கூடுதலாக ஆகும் என்றார்கள். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, பெட்டியை இறக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். 500 போனது போனதுதான். அப்புறம்தான் விவரம் தெரிந்துகொண்டோம். மாநிலம் தாண்டிச் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு மத்திய போக்குவரத்துத் துறையின் யு.எஸ்.டாட் எண் இருக்க வேண்டும். லாரி கம்பெனிகளைக் கண்காணிக்கிற மத்திய அரசின் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் புகார்களைப் பார்க்கலாம். கடைசி விலை மாறலாம் என்கிற கட்டுப்படாத மதிப்பீடாகவே இருந்தாலும் இறக்குகிற இடத்தில் மதிப்பீட்டின் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்து வைக்கக் கூடாது. விலை மாறாத, கட்டுப்படும் மதிப்பீடு என்று எழுதி வாங்குவது அதைவிட நல்லது.

இன்னொன்று, காசில்லாமல் கொடுக்கிற நஷ்ட ஈட்டுப் பொறுப்பு ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட்தான். இந்தியாவிலிருந்து தூக்கி வந்த இருபது பவுண்டு வெட் கிரைண்டர் நொறுங்கிப்போனால் கையில் வருவது 12 டாலர். கிரைண்டரையும் பாத்திரத்தையும் உங்கள் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சோபா, கட்டில், மேஜையை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். போகிற ஊரில் பழையதாகக் கிடைக்கும், லாரியும் சின்னதாகப் போதும்.

வீடு பார்க்கும்போது இங்கே உள்ளவர்கள் பார்க்கிற விதமாகப் பாருங்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம் இருக்கிறதா என்று பெரும்பாலான குடியிருப்புகளில் கேட்பார்கள். இடமாற்றக் கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும். மேற்குப் பார்த்த படுக்கையறை, அதுவும் மேல் மாடியில், வேண்டவே வேண்டாம். எங்கள் முதல் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஏசி நிற்காமல் ஓடியும் படுக்கை ஆறவில்லை. ஆகஸ்ட் மின்சார பில்லைப் பார்த்து நான் அழுதேன். ஏசி எத்தனை வருடத்தது என்று கேளுங்கள், ஏசி ரிப்பேருக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உங்கள் கணவரின் காலுக்குத் தரைத்தளம்தான் சரி. சான் அன்டோனியோவில் மின்சாரம் நகரத்தின் சொந்த நிறுவனத்திலிருந்து வருகிறது, தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் போனால் நீங்களே கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் இத்தனை யூனிட் ஓட்டினால் தள்ளுபடி என்று சொல்கிற திட்டங்களை நம்பாமல், யூனிட் விலை மாறாத திட்டமாக எடுங்கள்.

காருக்கு வந்து 30 நாளில் பதிவு, உங்களுக்கு 90 நாளில் டெக்சஸ் லைசென்ஸ். புதிதாக வருகிறவர்களுக்குக் கார் வரி 90 டாலர்தான். மினசோட்டா உப்புச் சாலையில் ஓடிய கார் என்றால் கிளம்புவதற்கு முன் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துருவைப் பார்த்துவிடுங்கள்.

குளிர் கோட்டுகளை எல்லாவற்றையும் தானம் பண்ணிவிடாதீர்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். 2021 பிப்ரவரியில் இங்கே வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. டெக்சஸ் முழுக்க மின்சாரம் போய், குழாய்கள் வெடித்து, மக்கள் செத்தார்கள். இங்குள்ள வீடுகளைக் குளிருக்காகக் கட்டவில்லை. குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைப்பது, சிங்க்குக் கீழே உள்ள கதவைத் திறந்து வைப்பது என்று பஃபலோவில் பழகியதை நான் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன்.

முழங்கால் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வலி போய்விடவில்லை. ஆனால் ஜனவரியிலும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். பஃபலோவில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அவர் வாசல்படி தாண்டியதில்லை. தினம் நடப்பதால் கால் கொஞ்சம் இளகியிருக்கிறது, தூக்கம் வருகிறது. மேப்பிள் குரோவ் கோயிலையும் பதினாறு வருடச் சிநேகிதங்களையும் விட்டுவிட்டு வருவது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இங்கேயும் கோயில் இருக்கிறது. ஹூஸ்டன் பக்கத்துப் பியர்லாண்ட் மீனாட்சியைப் பார்க்க மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் போதும். பையனிடமிருந்து தூரம் கூடும். அவனிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, டெட்ராய்ட் புறநகரில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். மனைவி என்னைச் சார்ந்த எச்-4 விசாவில், ஒரு வயதுக் குழந்தை இங்கே பிறந்தது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அட்லாண்டா போய் உடனே சின்னதாக ஒரு வீடு வாங்கலாம் என்று ஆசை. என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தம்பி, மேலாளர் சொன்னது போதாது. இன்றைக்கே கம்பெனியின் குடியேற்ற வக்கீலுக்கு எழுதுங்கள். எச்-1பி அனுமதி நீங்கள் வேலை செய்கிற ஊர் வட்டாரத்தைச் சொல்லித்தான் வாங்கியிருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த வீடுதான் வேலை இடம். டெட்ராய்ட் வட்டாரத்தை விட்டு அட்லாண்டா போனால், அங்கே வேலையைத் தொடங்குவதற்கு முன் திருத்திய மனு போட்டாக வேண்டும். 2015-ல் வந்த தீர்ப்புக்கு அப்புறம் இதில் சந்தேகமே கிடையாது. மனுவைப் போட்ட ரசீது வந்த பிறகு பெட்டி கட்டுங்கள். ஊர் மாறினால் சம்பளத்தைக் குறைப்பார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்து பத்து நாளுக்குள் நீங்களும் மனைவியும் தனித்தனியாகக் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 என்ற விலாச மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே கொடுக்கலாம், கட்டணம் இல்லை. தபால் ஆபீஸில் விலாசம் மாற்றியதை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜார்ஜியாவில் எல்லோரையும் திடுக்கிட வைப்பது கார் செலவு. புதிதாகக் குடியேறுகிறவர்கள் 30 நாளுக்குள் காரைப் பதிய வேண்டும், அப்போது காரின் மதிப்பில் 3 சதவீதம் வரி. 20,000 டாலர் மதிப்புள்ள கார் என்றால் 600. இரண்டு கார் இருந்தால் ஒன்றை மிச்சிகனிலேயே விற்றுவிட்டுப் போகலாமா என்று யோசியுங்கள், வீட்டில்தானே வேலை. வருமான வரியும் மிச்சிகனின் 4.25 சதவீதத்தை விட அங்கே கூடுதல். அந்த வருடத்துக்கு இரண்டு மாநிலத்திலும் பகுதி வருடக் குடியிருப்பாளராகக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டை உடனே வாங்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அட்லாண்டாவில் எந்தப் பக்கத்தில் எத்தனை மணிக்குச் சாலை அடைக்கும், குழந்தைக்கு மூன்று வயதானால் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும். விசாவில் இருக்கிறவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள்தான் அவகாசம். அந்த அறுபது நாளில் வீட்டையும் விற்க வேண்டி வருவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அப்புறம் வாங்கும்போது டிசம்பருக்குள் வாங்கிக் குடி போய்விடுங்கள். ஜனவரி 1 அன்று சொந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்த வருடச் சொத்து வரியில் ஹோம்ஸ்டெட் என்ற சலுகை. விசாவில் இருக்கிறவர்களுக்கும் அது உண்டா, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி உங்களுக்கும் ஒரே சாலைதான், ஐ-75. குழந்தையோடு ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், நடுவில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோகிறோம். பத்து வருடம் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் காரின் பின் சீட்டில் வைத்து எடுத்துப்போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சை மரங்களுக்குப் பச்சை நோயைப் பரப்புகிற ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஃப்ளோரிடாவில் 2005-ல் அந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அங்கே ஆரஞ்சு விளைச்சல் பழையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தையே விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. அதனால்தான் ஆரஞ்சு விளைகிற மாநிலங்களில் இந்த வகைச் செடிகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. இலையைக்கூடக் கிள்ளி எடுத்துப் போகாதீர்கள். அங்கே உள்ளூர் நர்சரியில் சான்றிதழோடு விற்கிற கன்றை வாங்கி நடுங்கள், அந்த வெயிலுக்கு மூன்று வருடத்தில் உங்கள் தலைக்கு மேல் நிற்கும்.

என் பஃபலோ செடியை நான் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பனிக்காலத்தில் வாரம் ஒரு முறைதான் தண்ணீர், தெற்கு ஜன்னல், பழைய மோர் ஒரு டம்ளர் என்று ஒரு தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டினேன். தொட்டி மாற்றும்போதெல்லாம் அவள் படம் அனுப்புவாள். போன மாதம் வந்த படத்தில் செடி ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாள் இன்னும் தொட்டியில் இருக்கிறது.